பையன் படிக்கத் திணறுறான், ஸ்கூல்ல "வெயிட் பண்ணுங்க"ன்னே சொல்றாங்க: எவால்யுவேஷன் எப்படி கேக்கறது? (டெக்சாஸ்)

மழைத்துளி | அக்டோபர் 12

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குதான் எழுதறேன். பையனுக்கு 7 வயசு, செகண்ட் கிரேட். பேச்சுல ஒரு குறையும் இல்ல, ஊர்ல இருக்கற பாட்டிகிட்ட போன்ல அரை மணி நேரம் கதை சொல்லுவான், கேள்வி மேல கேள்வி கேப்பான். ஆனா புக்கை கையில குடுத்தா ஒரு பக்கத்துக்கு பத்து நிமிஷம். நேத்து படிச்ச வார்த்தை இன்னைக்கு புதுசா தெரியுது அவனுக்கு.

போன வருஷம் வரைக்கும் எனக்கே தெரியல, ஏன்னா புக்கை சரளமா படிச்சுக் காட்டுவான். ஒரு நாள் ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்டு சேர்ந்து திரும்பிடுச்சு, இவன் கண்ணு முன்னாடி இல்லாத பக்கத்தை "படிச்சுட்டு" இருந்தான். அப்பதான் புரிஞ்சது, நான் படிச்சுக் காட்டினதை அப்படியே மனப்பாடம் பண்ணி பக்கம் எங்க திருப்பணும்னு வரைக்கும் ஞாபகம் வச்சிருக்கான். எவ்வளவு கஷ்டப்பட்டிருந்தா அப்படி ஒரு வழி கண்டுபிடிச்சிருப்பான்னு நெனச்சு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

டீச்சர் நல்லவங்கதான். ஆனா ஃபர்ஸ்ட் கிரேட்ல "வீட்ல ரெண்டு மொழி பேசறீங்க அதனால லேட் ஆகும்"னாங்க, இந்த வருஷம் "சின்ன குரூப்ல போட்டிருக்கோம், டிசம்பர் வரைக்கும் பாக்கலாம்"ங்கறாங்க. கவுன்சலர்கிட்ட செப்டம்பர்லயே நேர்ல கேட்டேன், எவால்யுவேஷன், அதாவது இவனுக்கு ஸ்பெஷல் எஜுகேஷன் (சிறப்புக் கல்வி) தேவையான்னு டெஸ்ட் பண்ண முடியுமான்னு. டீம்ல பேசறேன்னாங்க, அதோட சரி. வீட்டுக்காரர் இதெல்லாம் வேண்டாம், பேர் ஒட்டிடுவாங்க, நாம விசால இருக்கோம்னு சொல்றார். யாராவது இந்த வழியில போயிருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

நியூஜெர்சி_அப்பா | அக்டோபர் 12

சிஸ்டர், முதல்ல ஒண்ணு. கவுன்சலர்கிட்ட வாயால கேட்டதுக்கு ஒரு தாளும் இல்ல, அதனால அது நடக்காத மாதிரிதான். பல ஸ்டேட்ல ஸ்கூல் பதில் சொல்ற கெடு ஓட ஆரம்பிக்கறது நீங்க எழுத்துல கேட்ட நாள்லருந்து. நானும் இதே தப்பை பண்ணேன், ஒன்றரை வருஷம் பேரண்ட் டீச்சர் மீட்டிங்ல சிரிச்சு பேசிட்டு வந்தேன், ஒவ்வொரு தடவையும் அவங்களும் ஆமா ஆமா பாக்கலாம்னாங்க, பின்னாடி ஃபைலை வாங்கிப் பாத்தா நான் கேட்டதா ஒரு வரி கூட இல்ல.

மெயில் போடுங்க. பிரின்சிபலுக்கு, டிஸ்ட்ரிக்ட்டோட ஸ்பெஷல் எஜுகேஷன் டைரக்டருக்கு, டீச்சருக்கு, மூணு பேருக்கும் ஒரே மெயில். தேதி இருக்கணும். எங்க ஸ்டேட்ல எழுதிக் கேட்டா 20 நாளைக்குள்ள மீட்டிங் வைக்கணும், டெக்சாஸ் கணக்கு வேற, அங்க இருக்கறவங்க சொல்லுவாங்க.

செம்பருத்தி | அக்டோபர் 13

நான் டாலஸ் பக்கம். டெக்சாஸ் கணக்கு சொல்றேன் தோழி. நீங்க எழுதிக் கேட்டதுலருந்து 15 ஸ்கூல் நாளைக்குள்ள அவங்க பதில் தரணும். ஒண்ணு, சரி டெஸ்ட் பண்றோம்னு கன்சென்ட் ஃபார்ம். இல்லன்னா, பண்ண மாட்டோம், காரணம் இதுன்னு எழுத்துல மறுப்பு, அதுக்கு பேர் பிரையர் ரிட்டன் நோட்டீஸ். ரெண்டுல ஒண்ணு வந்தே ஆகணும், "பாக்கலாம்" சட்டத்துல ஒரு பதிலே இல்ல. நீங்க கையெழுத்து போட்டு குடுத்த பிறகு 45 ஸ்கூல் நாளைக்குள்ள ரிப்போர்ட் எழுதி முடிக்கணும், அது முடிஞ்சு 30 நாளைக்குள்ள மீட்டிங். இங்க அந்த மீட்டிங்குக்கு ஏஆர்டின்னு பேர், மத்த ஸ்டேட்ல ஐஇபி மீட்டிங்னு சொல்றது. ஐஇபின்னா அந்தக் குழந்தைக்குன்னு தனியா எழுதற கல்வித் திட்டம்.

அந்த 15க்கும் 45க்கும் ஸ்கூல் நாள் மட்டும்தான் கணக்கு. தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் லீவு எல்லாம் கழிஞ்சு போகும். அதனால ஒரு வாரம் தள்ளிப் போட்டீங்கன்னா முடிவு அதுக்கு மேலயும் தள்ளிப் போகலாம். இந்த வாரமே போடுங்க.

இன்னொண்ணு, டெக்சாஸ் ஸ்கூல்கள் இப்படி தள்ளிப் போடறதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 2004லருந்து இந்த ஸ்டேட்ல ஸ்பெஷல் எஜுகேஷன் பசங்க 8.5 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுங்கற மாதிரி ஒரு இலக்கு வச்சிருந்தாங்க. 2016ல ஹூஸ்டன் க்ரானிக்கிள் பேப்பர் அதை வெளிய கொண்டு வந்தது, 2017ல சட்டசபை அதை தடை பண்ணுச்சு, 2018 ஜனவரில ஃபெடரல் கல்வித்துறை இது சட்டமீறல்னு சொல்லிடுச்சு. இலக்கு போயிடுச்சு, ஆனா அத்தனை வருஷம் "முதல்ல இதை ட்ரை பண்ணுவோம்"னே சொல்லிப் பழகின வாய் சீக்கிரம் மாறாது. உங்க டீச்சர் கெட்டவங்கன்னு சொல்ல வரல, அவங்களுக்கு மேல இருந்து அப்படி சொல்லிக் குடுத்திருப்பாங்க.

அலைகடல் | அக்டோபர் 13

நான் கலிஃபோர்னியால ஒரு பப்ளிக் ஸ்கூல்ல ஸ்பீச் தெரபிஸ்ட், 11 வருஷமா இந்த மீட்டிங் மேஜையோட அந்தப் பக்கம் உக்காந்திருக்கேன், அதனால கொஞ்சம் விரிவா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த ரெண்டு மொழி விஷயம். இதைக் கேட்டாலே எனக்கு மனசு வலிக்கும், ஏன்னா நம்ம வீட்டு பசங்களுக்கு இதைச் சொல்லித்தான் வருஷக்கணக்கா வீணாக்கறாங்க. ரெண்டு மொழி பேசறதால படிக்கற கோளாறு வராது. ஒரு குழந்தைக்கு இங்கிலீஷ் பத்தலன்னா இங்கிலீஷ்ல மட்டும்தான் திணறும், தமிழ்ல நல்லா இருக்கும். கோளாறு இருந்தா ரெண்டுலயும் தெரியும். பையன் தமிழ் கிளாஸ் போறானா? அங்க எழுத்து பிடிபடுதா? அதை கண்டிப்பா மெயில்ல எழுதுங்க. இங்கிலீஷ் பத்தாததுதான் முக்கிய காரணம்னா அந்தக் குழந்தையை ஸ்பெஷல் எஜுகேஷன்ல போடக்கூடாதுன்னு சட்டத்துல இருக்கு, அது சரியான விதி. ஆனா அதை டெஸ்ட் பண்ணித்தான் முடிவு பண்ணணும், டெஸ்டே பண்ணாம இருக்கறதுக்கு அதை காரணமா காட்டக்கூடாது. டெஸ்டும் குழந்தையோட மொழியை கணக்குல எடுத்து பண்ணணும்.

ரெண்டாவது, அந்த சின்ன குரூப். குரூப்ல சேத்தது நல்லது, தொடரட்டும். ஆனா குரூப் முடியற வரைக்கும் எவால்யுவேஷன் கிடையாதுன்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இல்ல. 2011 ஜனவரில ஃபெடரல் கல்வித்துறையோட ஸ்பெஷல் எஜுகேஷன் பிரிவு எல்லா ஸ்டேட்டுக்கும் இதைத்தான் சுற்றறிக்கையா அனுப்பிச்சு, இந்த மாதிரி இன்டர்வென்ஷனை சாக்கா வச்சு எவால்யுவேஷனை தள்ளிப் போடவோ மறுக்கவோ கூடாதுன்னு. ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கலாம்.

மெயில்ல என்ன இருக்கணும்னா: பையன் பேர், பிறந்த தேதி, கிரேட். "ஐடியா சட்டப்படி எல்லா சந்தேகப் பகுதிகளிலும் முழு எவால்யுவேஷன் கேட்கிறேன்"னு ஒரு வரி (ஐடியாங்கறது IDEA, ஸ்பெஷல் எஜுகேஷனுக்கான ஃபெடரல் சட்டம்). அப்புறம் நீங்க பாத்தது, மேல எழுதினீங்களே அந்த ஒட்டின பக்கம் கதை, அதை அப்படியே எழுதுங்க. பத்து தியரியை விட அந்த ஒரு சம்பவம் படிக்கறவங்களுக்கு எல்லாம் சொல்லிடும். டிஸ்லெக்ஸியா (எழுத்தைப் படிக்கறதுல வர கற்றல் குறைபாடு) சந்தேகம்னு பேர் சொல்லியே எழுதுங்க, கடைசில "மறுத்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்". ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம். கோவம் வேண்டாம். அந்த மெயிலை நாளைக்கு உங்களுக்கு அறிமுகமே இல்லாத ஒரு அதிகாரி படிப்பார்னு நெனச்சு எழுதுங்க.

நிதானம் | அக்டோபர் 13

எல்லாரும் ஒரே பக்கமா பேசறீங்க, நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆம்பளப் பசங்க சிலர் லேட்டாதான் படிக்க ஆரம்பிப்பாங்க. ஒரு தடவை ஃபைல்ல ஏறிட்டா அது கூடவே வரும். அப்புறம் ஸ்கூலோட சட்டம் பேச ஆரம்பிச்சா டீச்சர் குழந்தைகிட்ட முகம் குடுத்து பேசுவாங்களா? இவங்க வீட்டுக்காரர் பயப்படறதுல நியாயம் இருக்கு. விசால இருக்கறவங்க கவர்ன்மென்ட் சர்வீஸ் எதுவும் கேட்டு வாங்காம இருக்கறதே நல்லதுன்னு என் எண்ணம்.

செம்பருத்தி | அக்டோபர் 14

நிதானம் அண்ணா, உங்க அக்கறை புரியுது. ஆனா நான் நீங்க சொன்னபடியே இருந்து பாத்தவ. என் பொண்ணுக்கு ஃபோர்த் கிரேட்லதான் கண்டுபிடிச்சோம், அதுக்குள்ள அவளுக்கு அவளே பேர் ஒட்டிக்கிட்டா, கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் படிக்கச் சொன்னா வயித்து வலின்னு நர்ஸ் ரூம் போயிடுவா. ஃபைல்ல எழுதற பேரை விட அது ரொம்ப மோசமான பேர்.

எவால்யுவேஷனுக்கு கையெழுத்து போட்டா டெஸ்டுக்கு மட்டும்தான் சம்மதம். அதுல தகுதின்னு வந்தா சர்வீஸ் ஆரம்பிக்க தனியா இன்னொரு சம்மதம் கேப்பாங்க, வேண்டாம்னா வேண்டாம். ஆரம்பிச்ச பிறகும் எழுதிக் குடுத்து நிறுத்திக்கலாம். ரெக்கார்ட் எல்லாம் ரகசியம், உங்க சம்மதம் இல்லாம வெளியாளுக்கு காட்டக்கூடாது, நீங்க கேட்டா 45 நாளைக்குள்ள உங்களுக்கு காட்டணும்.

விசா பத்தி: பப்ளிக் ஸ்கூல் படிப்பு குழந்தையோட இமிக்ரேஷன் நிலையைப் பாத்து குடுக்கறது இல்ல, 1982லயே பிளைலர் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, பேப்பரே இல்லாத குழந்தையைக் கூட ஸ்கூல்ல சேக்காம இருக்கக்கூடாதுன்னு. ஸ்பெஷல் எஜுகேஷன் அந்த படிப்போட ஒரு பகுதி. அது சலுகை இல்லண்ணா, அந்தக் குழந்தைக்கு சேர வேண்டிய பாடம்.

மழைத்துளி | அக்டோபர் 14

எல்லாருக்கும் நன்றி. அலைகடல் அக்கா கேட்டீங்களே தமிழ் கிளாஸ் பத்தி, ஒரு வருஷமா போறான், பாட்டு, கதை, திருக்குறள் எல்லாம் கேட்டே மனசுல வச்சுக்கறான், எழுத்து மட்டும் நிக்கல. "ப"வும் "ய"வும் இன்னும் குழம்பறான். தமிழ் டீச்சர் போன மாசமே சொன்னாங்க, நான்தான் வாரத்துக்கு ஒரு நாள் கிளாஸ்தானேன்னு விட்டுட்டேன். அதையும் எழுதிட்டேன். இன்னைக்கு காலைல 9.40க்கு மெயில் போயாச்சு. கை நடுங்குச்சு.

மழைத்துளி | அக்டோபர் 16

பிரின்சிபல் போன் பண்ணாங்க. ரொம்ப அன்பா பேசினாங்க. இவ்வளவு ஃபார்மலா போக வேண்டியதில்ல, குரூப் நேரத்தை வாரத்துக்கு அஞ்சு நாள் ஆக்கறோம், ஜனவரில ஸ்கோர் வந்ததும் உக்காந்து பேசலாம், இப்போதைக்கு அந்த மெயிலை வாபஸ் வாங்கிக்கலாமான்னு கேட்டாங்க. நான் யோசிக்கறேன்னு சொல்லி வச்சுட்டேன். இப்ப என்ன பண்ணட்டும்? அஞ்சு நாள் குரூப் நல்லதுதானே?

நியூஜெர்சி_அப்பா | அக்டோபர் 16

வாங்காதீங்க. வாபஸ் வாங்கினா கெடு செத்துப் போச்சு, ஜனவரில முதல்லருந்து. இன்னைக்கே ஒரு மெயில்: "போன்ல பேசினதுக்கு நன்றி. குரூப் நேரத்தை கூட்டறதா சொன்னீங்க, சந்தோஷம், தயவுசெஞ்சு செய்யுங்க. அக்டோபர் 14 தேதியிட்ட என் எவால்யுவேஷன் கோரிக்கை அப்படியே இருக்கிறது." அவ்வளவுதான். ஒவ்வொரு போனுக்கும் பிறகு இப்படி ஒரு மெயில் போட்டுடுங்க, வாயால பேசினது எல்லாம் அன்னைக்கே தாளுக்கு வந்துடும். அவங்களும் மரியாதையாதான் எடுத்துப்பாங்க, பயப்படாதீங்க.

மழைத்துளி | நவம்பர் 4

கன்சென்ட் ஃபார்ம் நேத்து வந்துடுச்சு, 15 நாள் கெடுவுக்கு ஒரு நாள் முன்னாடி. இன்னைக்கு கையெழுத்து போட்டு ஆபீஸ்ல குடுத்துட்டு, வாங்கின தேதியை காப்பில எழுதி வாங்கிட்டேன். இதையும் ஒருத்தர் பிரைவேட் மெசேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க, அவங்களுக்கு நன்றி. வீட்டுக்காரரும் கையெழுத்து போட்டார், வாய் திறந்து ஒண்ணும் சொல்லல.

மழைத்துளி | பிப்ரவரி 20

மூணு மாசம் கழிச்சு வரேன். ரிப்போர்ட் வந்தது, நேத்து ஏஆர்டி மீட்டிங். ஏழு பேர் அந்தப் பக்கம், நாங்க ரெண்டு பேர். 26 பக்க ரிப்போர்ட்டை இருபது நிமிஷத்துல படிச்சாங்க. முடிவு: தகுதி இல்ல. மொத்த ஸ்கோர் ஆவரேஜ், கணக்குல நல்லா பண்றான், ரிப்போர்ட் கார்டுல ஃபெயில் இல்ல, அடுத்த கிரேட் போயிடுவான், அதனால ஸ்பெஷல் எஜுகேஷன் தேவையில்ல. வேணும்னா 504 பிளான் தரோம், டெஸ்டுக்கு கூடுதல் நேரம், முன் சீட்டுன்னாங்க. ஒத்துக்கறீங்களா இல்லையான்னு ஒரு பெட்டில டிக் பண்ணச் சொன்னாங்க. எனக்கு தொண்டை அடைச்சுக்கிச்சு. அப்பதான் செம்பருத்தி முன்னாடி மெசேஜ்ல சொன்னது ஞாபகம் வந்தது, ஒத்துக்கல, 10 நாள் ரீசெஸ் (மீட்டிங்கை நிறுத்தி வச்சு திரும்ப உக்கார்றது) வேணும்னு கேட்டேன். குடுத்தாங்க.

ஸ்கோர் பக்கம் மட்டும் எழுதறேன், யாராவது படிச்சு சொல்லுங்க. மொத்த அறிவுத்திறன் 108. வார்த்தை வாசிப்பு 88. புரிதல் 97, ஆனா அது அவங்க படிச்சுக் காட்டி இவன் பதில் சொன்னது. ஒலி பிரிச்சு சேக்கறது 81. வேகமா எழுத்து பேர் சொல்றது 78. வாசிப்பு வேகம்னு ஒரு டெஸ்டே காணோம்.

அலைகடல் | பிப்ரவரி 20

அம்மா, முதல்ல கண்ணைத் துடைச்சுக்கோங்க. நீங்க டிக் பண்ணாம வந்ததே பெரிய விஷயம், நிறைய படிச்சவங்களே அந்த மேஜைல கையெழுத்து போட்டுட்டு வெளிய வந்து அழுவாங்க.

ஸ்கோர் எப்படி படிக்கணும்னா, இந்த டெஸ்ட்ல 100 நடு, 15 ஒரு படி. 85ன்னா நூறு பசங்கள்ல சுமார் 16 பேர்தான் இவனுக்கு கீழ. 78ன்னா சுமார் 7 பேர். ஒலி பிரிக்கறதும் எழுத்து பேரை சட்டுனு எடுக்கறதும்தான் வாசிப்புக்கு அடிப்படை, டிஸ்லெக்ஸியால பெரும்பாலும் அடி வாங்கற இடமும் அதுதான். ரெண்டும் தரையில கிடக்கு. இதையும் நல்லா இருக்கற மத்ததையும் கூட்டி ஒரு ஆவரேஜ் சொன்னா பள்ளம் மறைஞ்சு போகும். புரிதலை வாய்விட்டு படிச்சுக் காட்டி டெஸ்ட் பண்ணிட்டு வாசிப்பு புரிதல்னு போடறது சரியில்ல, அது கேட்டுப் புரியறது. வாசிப்பு வேகம் அளக்காம ஒரு வாசிப்பு எவால்யுவேஷன் முழுசாகாது, செகண்ட் கிரேட்ல அதுதானே முக்கியமான அளவு.

அடுத்தது, ஃபெயில் ஆகலன்னு சொன்னாங்களே. ஃபெடரல் விதில நேரடியா எழுதியிருக்கு, ஃபெயில் ஆகாம கிரேடுக்கு கிரேடு தேறிப் போயிட்டு இருந்தாலும் ஸ்பெஷல் எஜுகேஷன் தேவைப்படற குழந்தைக்கு அது குடுக்கணும்னு. இதை மெயில்ல கேளுங்க, இந்த விதியை எப்படி கணக்குல எடுத்தீங்கன்னு.

504 கெட்டது இல்ல, குறைபாடு உள்ளவங்களை ஒதுக்கக்கூடாதுன்னு வந்த 1973 சட்டம், நல்ல சட்டம். ஆனா இங்க அது குடுக்கறது பெரும்பாலும் வசதி. கூடுதல் நேரம் குடுத்தா, படிக்கத் தெரியாத பையன் இன்னும் கொஞ்ச நேரம் படிக்கத் தெரியாம உக்காந்திருப்பான். அவனுக்கு வேண்டியது வேற விதமா சொல்லிக் குடுக்கற பாடம்.

செம்பருத்தி | பிப்ரவரி 21

அக்கா சொன்னதோட டெக்சாஸ் விஷயம் ஒண்ணு. 2023ல இங்க ஒரு சட்டம் வந்தது, டிஸ்லெக்ஸியாவை தனியா 504 பக்கம் ஒதுக்காம ஐடியா எவால்யுவேஷன் வழியாவே பாக்கணும்னு. முன்னாடியெல்லாம் டிஸ்லெக்ஸியான்னாலே 504தான்னு பழக்கம், இன்னும் அந்தப் பழக்கத்துல பேசறாங்க போல.

ரீசெஸ் முடிஞ்சு திரும்ப உக்காந்தும் அவங்க மாறலன்னா, ஒத்துக்கலன்னு எழுதுங்க, காரணத்தையும் உங்க வார்த்தையில அதே தாள்ல சேக்கச் சொல்லுங்க.

நியூஜெர்சி_அப்பா | பிப்ரவரி 21

இப்ப உங்க கையில இருக்கற பெரிய ஆயுதம் இண்டிபெண்டன்ட் எவால்யுவேஷன். சுருக்கமா ஐஇஇ. ஸ்கூல் பண்ண எவால்யுவேஷன்ல உங்களுக்கு உடன்பாடு இல்லன்னா, டிஸ்ட்ரிக்ட்ல வேலை செய்யாத வெளி நிபுணரை வச்சு மறுபடி டெஸ்ட் பண்ணச் சொல்லலாம், செலவு டிஸ்ட்ரிக்ட்டோடது. கேட்டா அவங்களுக்கு ரெண்டே வழி, காசு குடுக்கணும், இல்ல தங்களோட எவால்யுவேஷன் சரிதான்னு நிரூபிக்க அவங்களே டியூ பிராசஸ் ஹியரிங்குக்கு (கோர்ட் மாதிரி நடக்கற விசாரணை) போகணும். சும்மா முடியாதுன்னு சொல்லிட்டு உக்கார முடியாது. ஏன் உடன்பாடு இல்லன்னு கேக்கலாம், ஆனா சொல்லியே ஆகணும்னு கட்டாயப்படுத்தக்கூடாது. அவங்க ஒரு லிஸ்ட் தருவாங்க, அதுல இல்லாதவரையும் தகுதி இருந்தா கேக்கலாம். அவங்க ஒரு தடவை எவால்யுவேட் பண்ணா உங்களுக்கு ஒரு ஐஇஇ, அதான் கணக்கு.

நான் இது தெரியாம முதல்ல என் காசு போட்டு பிரைவேட்டா பண்ணேன், பல ஆயிரம் டாலர், கிரெடிட் கார்டுல. அந்த ரிப்போர்ட்டை ஸ்கூல் பரிசீலிக்கணும்னு சட்டம் இருக்கு, ஆனா பரிசீலிச்சோம், எங்க முடிவு மாறலன்னு சொல்லிட்டாங்க. உங்களுக்கு அந்த நிலைமை வரக்கூடாதுன்னுதான் இவ்வளவு எழுதறேன்.

தனிவழி | பிப்ரவரி 22

டியூ பிராசஸ்னு பேச்சு வந்ததால நான் சொல்லணும். நாங்க வேற ஸ்டேட்ல அதுவரைக்கும் போனோம். அவசரப்பட்டு அங்க போகாதீங்க. கேஸ் போட்டதும் 15 நாளைக்குள்ள ரெசல்யூஷன் மீட்டிங், 30 நாள் பேசிப் பாக்க அவகாசம், அதுக்கப்புறம் 45 நாள்ல தீர்ப்புன்னு காகிதத்துல இருக்கு, நடைமுறைல வாய்தா மேல வாய்தா. நிரூபிக்கற பொறுப்பு கேஸ் போட்டவங்களோடதுன்னு 2005ல ஷாஃபர் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, நியூஜெர்சி மாதிரி சில ஸ்டேட்ல மட்டும் தனிச் சட்டம் போட்டு அதை டிஸ்ட்ரிக்ட் தலையில வச்சிருக்காங்க. ஜெயிச்சா வக்கீல் ஃபீஸ் திரும்பக் கேக்கலாம், ஆனா சாட்சி சொல்ல வர நிபுணரோட ஃபீஸ் கிடைக்காது, அது 2006 தீர்ப்பு. எங்க வீட்ல அந்த எட்டு மாசம் வேற பேச்சே இல்ல, பெரியவன் கூட எப்பப்பா முடியும்னு கேட்டுட்டான். கடைசில மீடியேஷன்லதான் (நடுவுல ஒருத்தரை வச்சு பேசித் தீக்கறது) முடிஞ்சது, அதுக்கு கேஸே போட வேண்டியதில்ல, ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டா போதும், காசும் கிடையாது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா அங்கயே ஆரம்பிச்சிருப்போம்.

செம்பருத்தி | பிப்ரவரி 22

தனிவழி சொல்றது முழுக்க சரி. நடுவுல இன்னொரு கதவும் இருக்கு, ஸ்டேட் கம்ப்ளெயின்ட். கெடு தவறினது, நோட்டீஸ் தராதது, ஐஇபில இருக்கறதை செய்யாதது, இந்த மாதிரி விதி மீறலுக்கு ஸ்டேட் கல்வித்துறைக்கு எழுதலாம், வக்கீல் வேண்டாம், நடந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும், அவங்க 60 நாளைக்குள்ள விசாரிச்சு எழுத்துல முடிவு தரணும். என் பொண்ணுக்கு எழுதி வச்ச வாசிப்பு நேரம் ரெண்டு மாசம் நடக்கவே இல்ல, நான் கம்ப்ளெயின்ட் போட்டேன், தவறின மணி நேரம் எல்லாத்தையும் சேத்து குடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தகுதி உண்டா இல்லையாங்கற சண்டைக்கு மட்டும் ஐஇஇதான் முதல் படி. ஒவ்வொரு ஸ்டேட்லயும் ஃபெடரல் பணத்துல பேரண்ட் சென்டர் ஒண்ணாவது இருக்கு, போன் பண்ணா இலவசமா வழி சொல்லுவாங்க, எனக்கு அந்த கம்ப்ளெயின்டை சரி பாத்துக் குடுத்ததே அவங்கதான்.

மழைத்துளி | மார்ச் 11

ரெண்டாவது ஏஆர்டிலயும் மாறல. ஒத்துக்கலன்னு எழுதினோம். அன்னைக்கே ஐஇஇ கேட்டு மெயில் போட்டேன், ரெண்டே வரி. 12 நாள் கழிச்சு சம்மதம்னு கடிதமும் லிஸ்ட்டும் வந்தது. ஏப்ரல்ல டேட் கிடைச்சிருக்கு.

மழைத்துளி | மே 15

ஐஇஇ ரிப்போர்ட் வந்து நேத்து மூணாவது மீட்டிங். வாசிப்பு வேகம் அளந்திருக்காங்க, நூறுல 4 பேர்தான் இவனுக்கு கீழ. தமிழ்லயும் ஒலி பிரிக்கச் சொல்லிப் பாக்க மொழிபெயர்ப்பாளர் ஒருத்தரை வரவழைச்சாங்க, "மரம்"ல முதல் ஒலியை எடுத்துட்டு சொல்லச் சொன்னா இவன் "செடி"ன்னு சொல்லியிருக்கான். அர்த்தத்துலருந்து அவனால நகர முடியல. டிஸ்லெக்ஸியா, குறிப்பிட்ட கற்றல் குறைபாடுன்னு தகுதி குடுத்துட்டாங்க. தினமும் 45 நிமிஷம், பயிற்சி எடுத்த டீச்சரோட.

ஒரு சந்தேகம். ஐஇபில எழுதற கோல்ல (இலக்குல) "வாசிப்பு வேகம் மேம்படும், 80 சதவீதம்"னு போட்டிருக்காங்க. எதோட 80 சதவீதம்னு எனக்குப் புரியல.

அலைகடல் | மே 15

யாருக்கும் புரியாது, மாத்தச் சொல்லுங்க. இன்னைக்கு நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை சரியா படிக்கறான், அடுத்த மே மாசம் எத்தனை, எந்த கிரேட் பகுதியை வச்சு அளப்பாங்க, மூணும் எண்ணா இருக்கணும். எண்ணு ரொம்ப சின்னதா வச்சாலும் ஒத்துக்காதீங்க. 2017ல எண்ட்ரூ எஃப் வழக்குல சுப்ரீம் கோர்ட் எட்டு நீதிபதியும் ஒரே குரலா சொன்னது இதுதான், பேருக்கு கொஞ்சம் முன்னேற்றம் பத்தாது, அந்தக் குழந்தையோட சூழ்நிலைக்கு ஏத்த முன்னேற்றம் வர மாதிரி பிளான் இருக்கணும்னு. முன்னேற்ற ரிப்போர்ட் எப்பெப்ப வரும்னும் அதுலயே எழுதியிருக்கணும்.

மழைத்துளி | மே 17

இது அவங்க வீட்டுக்காரர், அவங்க ஐடியிலருந்து எழுதறேன். அக்டோபர்லருந்து இந்த இழை முழுசும் நேத்து ராத்திரி உக்காந்து படிச்சேன். வெளில டெஸ்ட் பண்ண டாக்டர் குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கான்னு கேட்டாங்க. நான் இல்லன்னுதான் முதல்ல சொன்னேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தா, நானும் பத்தாவது வரைக்கும் எங்க அக்கா படிச்சுக் காட்டி கேட்டே பாஸ் பண்ணவன், இப்பவும் ஆபீஸ் டாக்குமென்ட்டை மூணு தடவை படிப்பேன். இதை 39 வருஷத்துல யார்கிட்டயும் சொன்னதில்ல. டாக்டர் எழுதிக்கிட்டாங்க.

கேக்க வந்தது வேற. எனக்கு ஆகஸ்ட்ல நார்த் கரோலினாவுக்கு மாத்தல் வரலாம். இவ்வளவு பாடுபட்டு வாங்கினது அங்க செல்லுமா, மறுபடி முதல்லருந்தா?

செம்பருத்தி | மே 17

அண்ணா, முதல்லருந்து இல்ல. புது டிஸ்ட்ரிக்ட் அவங்களே எவால்யுவேட் பண்ணி புது ஐஇபி போடற வரைக்கும் இங்க இருக்கறதுக்கு இணையான சர்வீஸ் குடுக்கணும். வேற ஸ்டேட்டுங்கறதால அங்க மறுபடி டெஸ்ட் கேக்கலாம், அப்பவும் நடுவுல நிறுத்தக்கூடாது. ஸ்கூல் அனுப்பும்னு நம்பிட்டு இருக்காதீங்க, ஜூன்ல லீவு விடறதுக்குள்ள ஐஇபி, ரெண்டு ரிப்போர்ட், மூணு மீட்டிங்கோட நோட்டீஸ் எல்லாம் காப்பி வாங்கி கையோட எடுத்துட்டுப் போங்க. அட்மிஷன் போடற அன்னைக்கே நீட்டிடுங்க, குடுத்த தேதியை எழுதி வாங்கிக்கோங்க.